மாயா மகளிரும் விருந்தினர் வருகையும்

மாயா இனத்தவர் என்றவுடன் காடு மூடிய கற்கோபுரங்களும் பண்டைய நாட்காட்டியுமே பலரின் நினைவுக்கு வரும். அம்மக்கள் என்றோ அழிந்தொழிந்தனர் என்று கருதுவோரும் உளர். அது பொருந்தாது. குவாத்தமாலா, தென் மெக்சிக்கோ, பெலீசு ஆகிய நாடுகளிலே மாயா மொழிகளைப் பேசுவோர் இன்றும் பல இலட்சக்கணக்கில் வாழ்கின்றனர். ஆயினும், அவர்தம் முன்னோரின் கோயில்களைக் காணவரும் உல்லாசப் பிரயாணிகளின் பணத்திற் பெரும்பகுதி நகரத்து விடுதிகளிலும் பயண முகவர்களிடமுமே தங்கிவிடுவதுண்டு. அதனைக் கிராமத்து அடுப்பங்கரைவரை கொண்டுசெல்லும் முயற்சியே சமூகம்சார் உல்லாசப் பயணத்துறை எனப்படுவது.

பெலீசின் தென்பகுதியான தொலேடோ மாவட்டத்திலே மோப்பான், கெக்சி என்னும் மாயாப் பிரிவினர் சோளமும் கொக்கோவும் பயிரிட்டு வாழ்கின்றனர். 1990ஆம் ஆண்டளவில் அங்குள்ள கிராமத்தார் சிலர் ஒன்றுகூடிச் சங்கமொன்றை அமைத்தனர். ஊருக்குப் பொதுவாக விருந்தினர் குடில் ஒன்று எழுந்தது. அங்கே துயின்ற விருந்தினர் காலையுணவை ஒரு வீட்டிலும், பகலுணவை வேறொரு வீட்டிலும், இரவுணவை மற்றொரு வீட்டிலும் உண்ணுமாறு முறை வகுக்கப்பட்டது. வழிகாட்டும் பணியும் முறைமாற்றியே பகிரப்பட்டது. வருமானம் ஒருவர் கையிலே குவியலாகாது என்பதே இதன் கருத்து. வருவாயில் ஒரு பங்கு ஊரின் பொதுநிதிக்கு ஒதுக்கப்பட்டது.

சோளத்தைச் சுண்ணாம்பு நீரிலே வேகவைத்து, அரைத்து, வட்டமாகத் தட்டிச் சுடும் பெண்ணின் உழைப்புக்கு வீட்டிலே கூலியில்லை. விருந்தினர் அதே பந்தியில் அமர்ந்தபோது அவ்வுழைப்புக்கு விலை பிறந்தது.

குவாத்தமாலாவிலே 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போர் மாயாப் பெண்கள் பலரை விதவைகளாக்கியது. அவர்களுட் பலருக்குத் தறியே துணையாயிற்று. அத்தறியின் ஒருமுனை கம்பத்திலோ மரத்திலோ கட்டப்படும். மறுமுனை நெய்பவளின் இடையைச் சுற்றிய வாரோடு பிணைக்கப்படும். அத்தித்லான் ஏரிக்கரைச் சிற்றூரான சான் ஹுவான் லா லகூனாவிலே பெண்களின் கூட்டுறவுச் சங்கங்கள் செடிகொடிகளிலிருந்து சாயமெடுத்து, நெய்த துணிகளைத் தரகரின்றி நேரே விற்கின்றன.

எனினும், பணம் வந்தமையால் மட்டும் பெண்ணின் நிலை உயர்ந்துவிடாது. சமையல், நீரெடுப்பு, குழந்தை வளர்ப்பு ஆகியன குறையாதிருக்க விருந்தோம்பலும் சேர்ந்தால், அவளது பகல் நீளுமேயன்றிச் சுமை குறையாது. பிறமொழி பயிலாதவளுக்கு வழிகாட்டும் பணி எட்டாது; அடுப்பே எஞ்சும். இயந்திரத்திலே அச்சிட்ட போலித் துணிகளோ அவளது கைத்திறனின் விலையைக் குறைக்கின்றன. இதனை எதிர்த்து நெசவுப் பெண்கள் வழக்குத் தொடுத்தனர். 2017ஆம் ஆண்டிலே குவாத்தமாலாவின் அரசியலமைப்பு நீதிமன்றம், அவர்களின் நெசவுக் கோலங்களைப் பாதுகாக்கச் சட்டம் இயற்றுமாறு அந்நாட்டுக் காங்கிரசை வேண்டியது.

ஆகவே, ஒரு கிராமத்துக்கு எத்தனை பிரயாணிகள் வந்தனர் என்று எண்ணுவது மட்டும் போதாது. ஈட்டிய பணம் யார் கையிலே சேர்கிறது, கணக்கை யார் எழுதுகின்றனர், சங்கக் கூட்டத்திலே பெண்ணின் சொல் ஏறுகிறதா என்பனவற்றையும் வினவுதல் வேண்டும். அவற்றுக்குக் கிடைக்கும் விடையே இம்முயற்சியின் உண்மையான அளவுகோலாகும்.