கண்ணும் நரம்பும்

எங்கள் சங்ககிரிப் பக்கத்தில் பிள்ளைகளைக் "கண்ணு" என்றுதான் அழைப்பார்கள். எழுபது வயதுப் பெரியவர் தம் ஐம்பது வயது மகனையும் அப்படியே அழைப்பார். இத்துணை அருமையாகச் சொல்லப்படும் கண்ணை எங்கள் ஊர் எப்படி நடத்துகிறது என்று பார்த்தால் வியப்பாயிருக்கும். லாரித் தொழிலால் வாழும் ஊர் இது. ஓட்டுநர், கிளீனர், பட்டறையில் வெல்டிங் வைப்பவர், பாடி கட்டுபவர் என எல்லோருக்கும் மூலதனம் கண்தான். ஆனால் லாரிக்குத் தவறாமல் எஃப்.சி. காட்டுபவர்கள் தம் கண்ணை யாரிடமும் காட்டுவதில்லை.

விலங்கியல் மாணவன் என்ற முறையில், கண் நோய்களையும் நரம்பு நோய்களையும் இங்கே சேர்த்தே எழுத விரும்புகிறேன். காரணம் உண்டு. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு, உண்மையில் மூளையின் நீட்சியே. ஏறக்குறைய 12 இலட்சம் இழைகள் கொண்ட கயிறு அது. உடலைக் கீறாமல் ஒரு நரம்பை நேரில் காணக்கூடிய இடம் கண் ஒன்றே. 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்ணுக்குள் பார்க்கும் கருவியைச் செய்தார். அன்று முதல் மூளையில் அழுத்தம் கூடினாலும், இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் முற்றினாலும், மருத்துவர் கண் வழியே எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்.

1805-இல் தீரன் சின்னமலை எங்கள் மலைக்கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டில்தான் இலண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை தோன்றியது. 14 ஆண்டுகள் கழித்து, 1819-இல், சென்னையிலும் ஒரு கண் மருத்துவமனை ஏற்பட்டது. இன்று எழும்பூரில் இருப்பது அதுவே. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கண் சிவந்து பீளை தள்ளும் நோய்க்கு 'மெட்ராஸ் ஐ' என்று பெயர் வந்ததும் 1918-இல் சென்னையில் அது இனங்காணப்பட்டதால்தான். அது வைரஸால் வருவது. கையாலும் துண்டாலும் பரவும், பார்ப்பதால் பரவாது. பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே அடங்கிவிடும்.

கண்புரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணின் வில்லை முதுமையில் பால்போல் மங்குவதே புரை. எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறிக் கண்ணைக் கூசச் செய்தால் ஓட்டுநர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். முற்காலத்தில் ஊர் ஊராக வந்த வைத்தியர்கள் ஊசியால் கண்ணைக் குத்தி, மங்கிய வில்லையை உள்ளே தள்ளிவிடுவார்கள். உடனே வெளிச்சம் தெரியும். கூலியை வாங்கிக்கொண்டு வைத்தியர் அடுத்த ஊர் போய்விடுவார். பிறகு சீழ் பிடித்துக் கண்ணே போனவர்கள் ஏராளம். இன்று சொட்டு மருந்தால் புரை கரையாது என்பதும், அறுவை செய்து செயற்கை வில்லை வைத்தால் பார்வை திரும்பும் என்பதும் பாட்டிகளுக்கும் தெரியும். 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கும், 1992 முதல் குறைந்த விலையில் வில்லைகளைச் செய்துவரும் அதன் ஆரோலேப் கூடத்துக்கும் இதில் பெரும் பங்குண்டு.

நான் அஞ்சுவது புரைக்கு அன்று, கண் அழுத்த நோய்க்கே. கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் ஊறி, ஓயாமல் வடிந்துகொண்டிருக்கிறது. வடிகால் அடைபட்டால் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பின் இழைகள் ஒவ்வொன்றாய்ப் பட்டுப்போகும். வலி இராது. முதலில் போவது ஓரப் பார்வை. நேரே பார்ப்பது கடைசி வரை தெளிவாகவே இருக்கும். ஆகவே நோயாளிக்கே நோய் தெரிவதில்லை. சென்னை கண் மருத்துவமனையில் பணியாற்றிய எலியட் என்பவர் 1909-இல் கண்ணில் நுண்துளையிட்டு நீரை வடிக்கும் அறுவை முறையைக் கையாண்டு உலகப் புகழ் பெற்றார். ஆயினும் போன பார்வையை மீட்க அவராலும் இயலவில்லை, இன்றும் எவராலும் இயலாது. எஞ்சியதைக் காப்பாற்றலாம், அவ்வளவே.

என் பெரியப்பா முப்பது ஆண்டு லாரி ஓட்டியவர். தூசியால் கண் அரித்தபோதெல்லாம் வழியில் எந்த மருந்துக்கடை கண்ணில் பட்டதோ அங்கே ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்வார். விட்டவுடன் சிவப்பு மறையும். "எனக்கென்ன கண்ணு, மைல் கல்லு எழுத்து இங்கிருந்தே தெரியுது" என்பார். இரு முறை வண்டியின் இடப்பக்கம் உரசிய பிறகே கண் மருத்துவரிடம் போனார். மருத்துவர் முதலில் கேட்டது, "என்ன மருந்து விட்டீர்கள்?" என்பதே. அந்தச் சிறு புட்டியில் இருந்தது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் விட்டால் அதுவே சிலருக்குக் கண் அழுத்தத்தை உயர்த்திவிடும். இடக்கண்ணில் பாதி போய்விட்டது. இப்போது நாளும் இரவு வேறு மருந்து விட்டுக்கொள்கிறார். லாரி ஆபீசில் கணக்கெழுதுகிறார். ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்கும்போது எழுத்துப் பலகையைப் படித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நாற்பது வயதுக்கு மேல் அழுத்தமும் பார்க்க வேண்டும், நரம்பும் பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுதோறும் கண்மணியை விரியவைத்து விழித்திரையையும் சோதிக்க வேண்டும்.

பட்டறை நண்பர்களுக்கு ஒன்று. கண்ணாடியின்றி வெல்டிங் பார்த்தால் உடனே ஒன்றும் ஆகாது. நள்ளிரவில் மணல் கொட்டியதுபோல் கண் உறுத்தும். புற ஊதாக்கதிர் கருவிழித் தோலைச் சுட்டிருக்கும். ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் விட்டால்தான் கேடு.

இனி நரம்புக்கு வருவோம். பக்கவாதம் கைகால் நோயன்று, மூளை நோய். பெரும்பாலோர்க்கு மூளைக்குச் செல்லும் குழாயில் இரத்தம் உறைந்து அடைப்பதாலும், சிலருக்குக் குழாய் வெடிப்பதாலும் வருகிறது. வாய் கோணல், ஒரு கை தொய்தல், பேச்சு குழறல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரென வந்தாலும் ஐயப்பட வேண்டும். ஒரு கண் சில நிமிடம் இருண்டு தெளிவதும் இதன் முன்னறிவிப்பாகலாம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, அடைப்பா வெடிப்பா என்று அறிந்தாக வேண்டும். சேலம் நமக்கு ஒரு மணி நேரப் பயணம். மீதி நேரத்தைப் புறா இரத்தம் தேய்ப்பதில் கழித்தால் என்ன மிஞ்சும்?

முகவாதம் வேறு. சார்லஸ் பெல்லின் பெயரால் வழங்கும் அந்நோயில் முகநரம்பு வீங்கி, நெற்றி உட்பட ஒரு பக்கம் முழுதும் சாயும். நெற்றியைச் சுருக்க முடியாது, கண்ணையும் மூட முடியாது. மூன்று நாளுக்குள் மருந்து தொடங்கினால் பெரும்பாலோர் குணமடைவர். அதுவரை திறந்த கண் உலராமல் காக்க வேண்டும். ஆனால் இதுவா, பக்கவாதமா என்று தீர்மானிப்பது மருத்துவர் வேலை, நம் வேலையன்று.

காக்காய் வலிப்பென்றால் இன்றும் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். எங்கள் ஊரில் ஸ்பேனர். மூளையில் மின்துடிப்பு கட்டுமீறுவதே வலிப்பு. அது ஓரிரு நிமிடங்களில் தானாக நிற்கும்போது இரும்புக்குப் பெயர் கிடைக்கிறது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், தலைக்கு அடியில் துண்டை மடித்து வைத்தால் போதும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும். பத்தில் ஏழு பேருக்கு மாத்திரையாலேயே வலிப்பு அடங்கும். வலிப்பு நின்றதும் மாத்திரையைத் தாமே நிறுத்துவதுதான் ஆபத்து. 1999 வரை இந்து திருமணச் சட்டத்திலேயே வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. அவ்வாண்டுத் திருத்தத்தில் அச்சொல் நீக்கப்பட்டது. பெண் பார்க்கப் போகிறவர்கள் இன்னும் அதைக் காதோடு காதாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.