கிண்டி மானுக்கு வேண்டாமே சிப்ஸ் கவர்!

சர்தார் படேல் சாலையில் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும். சுவருக்கு அந்தப் பக்கமோ புள்ளிமான், வெளிமான், நரி என்று ஒரு காடே இருக்கிறது. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்கா, நாட்டின் மிகச்சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. காட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. பக்கத்தில் இருக்கும் சிறுவர் பூங்காவுக்குத்தான் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறோம், டிபன் பாக்ஸோடு.

டிபன் பாக்ஸ் வீடு திரும்பிவிடும். சிப்ஸ் கவர் அங்கேயே கிடந்து, காற்றில் பறந்து வேலி தாண்டும். சாலையிலிருந்து சுவருக்கு மேலே வீசுகிறவர்களும் உண்டு. உப்பு வாசனைக்கு மான் அதை அப்படியே விழுங்கிவிடும். அசைபோடும் விலங்கு என்பதால் பிளாஸ்டிக் ஜீரணமாகாமல் இரைப்பையிலேயே பந்துபோல உருண்டு தங்கிவிடும். வயிறு நிறைந்தமாதிரியே இருப்பதால் மேய்ச்சல் குறையும். கடைசியில், சுற்றிலும் புல் இருந்தும் பட்டினியால் சாகும். இந்த வட்டாரத்தில் இறந்த மான்களின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் எடுக்கப்பட்டது பலமுறை செய்தியாகியிருக்கிறது.

குரங்குக்கு பிஸ்கட் நீட்டுவதும் வேண்டாம். பழகிவிட்டால், அடுத்து வருபவரின் பையையே பிடுங்கும். (அனுபவம் பேசுகிறது!)

அடுத்த முறை ஒரு காலிப் பையும் எடுத்துப்போங்கள், கவர்களைத் திருப்பிக் கொண்டுவர. மொபைலை சைலன்ட்டில் போட்டுவிட்டு, மர நிழலில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். கீரிப்பிள்ளை கண்ணில் பட்டால், குட்டீஸுக்கு அன்றைக்கு அதுதான் பேச்சு.