பாலுக்கு விலை சொல்லும் கண்ணாடிக் குழாய்கள்

பாக்கெட் வாங்குகிறவருக்குப் பாலின் விலை லிட்டர் கணக்கில். கறந்து விற்கிறவருக்கு அப்படியில்லை. பால் கூட்டுறவு சொசைட்டியில் அவர் ஊற்றிய பாலை அளந்து முடிக்கும்போது பாதிக் கணக்குதான் முடிந்திருக்கும். அதில் கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கலான மற்ற சத்து எவ்வளவு என்று பார்த்த பிறகே ரூபாய் தெரியும். 'ஃபேட்', 'எஸ்.என்.எஃப்.' என்ற இரண்டையும் அறியாத மாட்டுக்காரர் தமிழ்நாட்டில் இன்று அபூர்வம். ஆவின் கொள்முதல் விலையை அரசு உயர்த்தியதாகச் செய்தி வந்தால், இந்த இரண்டும் குறிப்பிட்ட அளவில் இருக்கும் பாலுக்கு விலை உயர்ந்தது என்று பொருள். சத்து குறைந்தால் விலையும் குறையும்.

காரணம் எளிது. பசும்பாலில் 100-க்கு ஏறத்தாழ 87 பங்கு தண்ணீர். லிட்டருக்கு மட்டும் விலை வைத்தால், செம்பில் தண்ணீரைச் சேர்க்கிறவருக்குத்தான் லாபம். அதைப் பிடிக்க வந்த கருவி லாக்டோமீட்டர். அடியில் கனமும் மேலே அளவுக் கோடுகளும் உள்ள கண்ணாடி மிதவை. பால் அடர்த்தியாக இருந்தால் உயர்ந்து நிற்கும், தண்ணீர் கலந்திருந்தால் அமிழும். நல்ல பசும்பாலில் 28-இலிருந்து 32 'டிகிரி'க்குள் நிற்கும். அதாவது தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால் பாலுடையது 1.028 முதல் 1.032 வரை. கறந்த சூட்டில் மிதக்கவிட்டால் டிகிரி குறைத்துக் காட்டும் என்பதால் வெப்பத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். அவசரக்கார டெஸ்டர் இதை விட்டுவிட்டால் நஷ்டம் பால் ஊற்றியவருக்கு.

ஆனால் இந்த மிதவையை ஏமாற்றுவது சுலபம். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஆடையை எடுத்துவிட்டால் மீதிப் பாலின் அடர்த்தி கூடி, டிகிரி 35-ஐ ஒட்டி ஏறும். பிறகு தண்ணீரை ஊற்றினால் பழைய 30-க்கு இறங்கிவிடும். வெண்ணெயும் போயிற்று, தண்ணீரும் சேர்ந்தது, லாக்டோமீட்டரோ 'நல்ல பால்' என்கிறது! கொழுப்பைத் தனியாக அளந்தாலொழிய இந்தத் திருட்டு பிடிபடாது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கப் பால் பண்ணைகளையும் இதே தலைவலி வாட்டியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் பாப்காக் 1890-இல் ஒரு சோதனை முறையை வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் தம் முறையைக் கொண்டுவந்தார். நம் சொசைட்டிகளில் வேரூன்றியது இந்தக் கெர்பர் முறைதான்.

அடி பருத்து, கழுத்து குறுகி, கழுத்தில் கோடுகள் உள்ள ஒரு கண்ணாடிக் குழாய். அதில் 10 மில்லி கந்தக அமிலம், மேலே மெதுவாக 10.75 மில்லி பால், பிறகு 1 மில்லி அமைல் ஆல்கஹால். தக்கையால் அடைத்துக் குலுக்கினால் பால் காபி டிக்காஷன் போலக் கறுத்துப்போகும். குழாய் அப்படிக் கொதிக்கும். துணி சுற்றாமல் பிடிக்க முடியாது. அமிலம் புரதத்தைக் கரைத்துவிட, அதன் பிடியிலிருந்த கொழுப்பு விடுபடுகிறது. சுழல் இயந்திரத்தில் சில நிமிடம் சுற்றினால் கொழுப்பு மஞ்சளாகத் தெளிந்து கழுத்தில் வந்து நிற்கும். கோட்டைப் படித்தால் சதவீதம். இத்தனை வன்முறையான ஒரு சோதனை காலையும் மாலையும் கிராமத்துக் கட்டடங்களில் சர்வசாதாரணமாக நடந்து வந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

எஸ்.என்.எஃப்.-ஐ நேராக அளப்பதில்லை, கணக்கிடுகிறார்கள். டிகிரியில் கால் பங்கு, கொழுப்பில் ஒரு சிறு பங்கு, அதோடு ஒரு நிலையான எண். மூன்றையும் கூட்டினால் விடை. இந்தச் சூத்திரத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. வடிவம் மாறினால் அதே பாலுக்கு வேறு சதவீதம், வேறு பணம். எந்தச் சூத்திரம் என்பதும் விலை நிர்ணயத்தின் ஒரு பகுதிதான். அது மட்டும் தலைப்புச் செய்தியில் வருவதில்லை.

பால் பண்ணையிலிருந்து வெளியே வரும்போது அதே எண்கள் நிறங்களாகின்றன. ஆவினின் நீல பாக்கெட் சமன்படுத்திய பால்: கொழுப்பு 3, எஸ்.என்.எஃப். 8.5 சதவீதம். பச்சை 4.5, 8.5. ஆரஞ்சு 6, 9. இதில் விலையை மட்டும் பார்க்கிறவர் பாதியைத்தான் பார்க்கிறார். 2022 நவம்பரில் ஆரஞ்சு பாக்கெட்டின் சில்லறை விலை லிட்டருக்கு 48 ரூபாயிலிருந்து 60 ஆனது. நீலம் 40-லேயே நின்றது. அப்போதே பசும்பால் கொள்முதல் விலை 32-லிருந்து 35 ஆனது. 2023 நவம்பரில் ஊதா நிற 'டிலைட்' வந்தது. கொழுப்பு 3.5 சதவீதம், விலையோ பச்சைக்கு இருந்த அதே 44 ரூபாய். விலை ஏறாமலே விலை ஏறும் வித்தை இது.

ஆவினுக்கு விலை சொல்லும் அரசு தனியார் பாலுக்குச் சொல்வதில்லை. அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்கீழ் 1992-இல் வந்த மத்திய அரசின் ஆணை, நாளுக்கு 10,000 லிட்டருக்கு மேல் கையாளும் நிறுவனங்கள் பதிவு செய்யவேண்டும் என்றது. யார் எந்த வட்டாரத்தில் கொள்முதல் செய்யலாம் என்றும் வரம்பு கட்டியது. அந்த வட்டார வரம்பு 2002-இல் நீங்கியது. பிறகு உணவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆணையின் இடத்துக்கு வந்தது. ஆக, இன்று தனியாரையும் ஆவினையும் ஒன்றுபோலக் கட்டுப்படுத்துவது விலையல்ல, அந்தச் சதவீதங்கள்தான். சமன்படுத்திய பால் என்று அச்சிட்டு 3-க்குக் குறைவான கொழுப்போடு விற்றால் குற்றம். எத்தனை ரூபாய்க்கு விற்பது என்பது அவரவர் பாடு.

இப்போது பல சொசைட்டிகளில் அமிலமும் இல்லை, குலுக்கலும் இல்லை. பாலுக்குள் மீயொலியைச் செலுத்தி, அதன் வேகத்தைக் கொண்டு கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.-ஐயும் ஒரு நிமிடத்துக்குள் சொல்லும் பகுப்பாய்வுக் கருவி வந்துவிட்டது. எண்ணும் தொகையும் சீட்டாக வெளியே வரும். ஆனால் உணரிகளில் படியும் அழுக்கை ஒழுங்காகக் கழுவாவிட்டால் கருவி தடுமாறும். சர்க்கரையோ உப்போ யூரியாவோ கலந்து எஸ்.என்.எஃப்.-ஐ ஏற்றினால் தனி இரசாயனச் சோதனை வேண்டும். கருவியின் கணக்கு சரிதானா என்று ஒத்துப் பார்க்க இன்றும் எடுப்பது கெர்பரின் குழாயைத்தான்.