கண்ணகி நகர்ச் சுவரோவியங்கள்: மறுகுடியமர்வும் நகர்ப்புறக் கலையும்

சென்னைத் துரைப்பாக்கத்தை அடுத்துள்ள கண்ணகி நகர், நீர்நிலைக் கரைகளிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்டோருக்காக 2000ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் உருவாக்கிய மறுகுடியமர்வுக் குடியிருப்பாகும். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏசியன் பெயிண்ட்ஸ், பெருநகர சென்னை மாநகராட்சி ஆகியவற்றின் முயற்சியால் இதன் அடுக்ககச் சுவர்களில் பேரோவியங்கள் தீட்டப்பட்டன. குற்றத்தோடு இணைத்தே பேசப்பட்ட பகுதியின் மீதான பழியை நீக்குவது இதன் நோக்கங்களுள் ஒன்று. அந்நோக்கம் பொருளற்றதன்று, முகவரியைக் கேட்டதும் வேலை மறுக்கப்படும் இடத்தில் நற்பெயரும் வாழ்வாதாரமே. எனினும் வீட்டின் பரப்பையோ, குடிநீர் வழங்கலையோ, பழைய பணியிடத்திற்கான தொலைவையோ ஓவியம் மாற்றுவதில்லை. ஆகவே இத்திட்டத்தின் பயனை வருகையாளரின் வியப்பால் அளவிடாமல், குடியிருப்போர் பெற்ற வேலை, வசதி, முடிவெடுக்கும் உரிமை ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும்.