உங்களுக்குத் தெரியுமா? கூவம் வளைவில் ஒரு நெசவூர்

இன்று மீன் சந்தைக்குப் பேர்போன சென்னை சிந்தாதிரிப்பேட்டை, நெசவாளர்களுக்கென்றே 1734-இல் உருவாக்கப்பட்ட ஊர்!

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அப்போது ஏற்றுமதிக்குத் துணி போதவில்லை. நெசவாளர்கள் கம்பெனியின் கோட்டைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தால் நல்லது என்று நினைத்தார் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட். கூவம் வளைந்தோடும் இடத்தில் இருந்த பெரிய தோட்டம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. கம்பெனியின் முன்னாள் தலைமை வணிகர் சுங்குராமச் செட்டியின் தோட்டம் அது. கம்பெனி அதை எடுத்துக்கொண்டது.

இடத்தேர்வு அருமையானது. துணி வெளுக்க ஆறு. பாவு (நெடுக்கு இழைகள்) நீட்ட மரநிழல். நீளமாக இழுத்துக் கட்டிய பாவுக்குக் கஞ்சி போட்டு, இழைகள் ஒட்டாமல் வருடிக் காயவைப்பார்கள். வெயில் அதிகமானால் நூல் முறுகி அறுந்துவிடும். நிழலின் அருமை நெசவுக் குடும்பங்களுக்குத்தான் தெரியும்.

யார் குடியேறலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இருந்தது. நூற்போர், நெய்வோர், துணியில் ஓவியம் தீட்டுவோர், சாயமிடுவோர், வெளுப்போர், கோயில் ஊழியம் செய்வோர் ஆகியோருக்கே இடம். 1737-க்குள் நூற்பு, நெசவுக் குடும்பங்கள் மட்டும் 230 வந்துவிட்டன.

அதே நூற்றாண்டில் எழுந்த ஆதிகேசவப் பெருமாள், ஆதிபுரீஸ்வரர் கோயில்கள் இன்றும் அருகருகே நிற்கின்றன. இரண்டுக்கும் குளம் ஒன்றே. அந்தப் பக்கம் போனால் அவசியம் பாருங்கள். சென்னை வரலாற்றில் கோட்டைக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூட இந்தப் பேட்டைக்குக் கிடைக்கவில்லை.