நலமா என்று கேட்டால் போதுமா? முதியோர் கணக்கெடுப்புகளும் தலித் முதியோரும்

முதியோரின் உடல்நலம், அரசு உதவிகள் குறித்த கணக்கெடுப்புகள் வெளிவரும்போதெல்லாம் அவற்றின் விழுக்காடுகள் விவாதத்தை முடித்துவைக்கும் சான்றுகளாக முன்வைக்கப்படுகின்றன. ஒரு விடை எவரிடமிருந்து, எந்தக் கேள்விக்கு, எத்தகைய வாழ்நிலையில் பெறப்பட்டது என்று பாராமல் விழுக்காட்டை மட்டும் ஏற்பது தலித் முதியோருக்கு ஆபத்தானது. அவர்கள் மீதான புறக்கணிப்பே மனநிறைவாகப் பதிவாகிவிடும்.

கேட்டதும் அளந்ததும்

1944-இல், வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் அகில இந்தியச் சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தம் உடல்நலம் சரியில்லை என்றனர். கணவரை இழந்த பெண்களில் அவ்வாறு கூறியவர்கள் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. அப்பெண்கள் நலமாக இருந்தார்கள் என்பதன்று இதன் பொருள். தம் துன்பத்தை நோயென்று எண்ணும் உரிமைகூட அவர்களுக்கு வாய்க்கவில்லை. இதைச் சுட்டிக்காட்டிய அமர்த்தியா சென், 2002-இல் மற்றொரு முரணையும் விளக்கினார். ஆயுட்காலம் மிகுந்த கேரளத்தில் மக்கள் கூடுதலாக நோயைத் தெரிவிக்கிறார்கள். ஆயுட்காலம் குறைந்த பீகாரில் குறைவாகவே தெரிவிக்கிறார்கள். கல்வியும் மருத்துவமனையும் எட்டிய இடத்தில்தான் வலிக்கு நோய் என்ற பெயர் கிடைக்கிறது.

வாழ்நாள் முழுவதும் குப்பை அள்ளிய ஒருவர் தம் இருமலையும் மூட்டுவலியையும் 'வயதானால் வருவதுதான்' என்று கடந்துவிடுகிறார். 'உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாக மருத்துவர் கூறியிருக்கிறாரா?' என்ற கேள்விக்கு, மருத்துவரையே பார்க்காதவரின் விடை 'இல்லை' என்பதாகவே இருக்கும். அந்த 'இல்லை' ஆரோக்கியக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ஒரு தெருவை முறையாக எட்டினால், அங்கு பதிவாகும் நோயாளிகளின் எண்ணிக்கை உயரும். அவ்வுயர்வு திட்டம் செயல்படுவதன் அடையாளம்.

இந்திய முதுமை குறித்த நீள்கால ஆய்வு (லாசி) இவ்வகையில் மதிக்கத்தக்கது. மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18-இல் 45 வயதுக்கு மேற்பட்டோரும் அவர்களின் வாழ்க்கைத் துணைவருமாக 72,000-க்கும் அதிகமானோரிடம் அதை நடத்தியது. அவர்களில் 31,464 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். அது விடைகளோடு நிற்கவில்லை. ரத்த அழுத்தம், கைப்பிடி வலிமை, நுரையீரல் திறன் ஆகியவற்றையும் அளந்தது.

அறுபதை எட்டாதவர்கள்

அளவீடும் உயிரோடிருப்பவரைத்தான் அளக்கும். 2022-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக ஆய்விதழில் சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் ஒன்பது மாநிலத் தரவுகளை ஆராய்ந்தனர். உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுகளுக்கு மேலும், பழங்குடியினரின் ஆயுள் நான்கு ஆண்டுகளுக்கு மேலும் குறைவு என அவர்கள் கண்டனர். பொருளாதார வேறுபாடு மட்டுமே இதற்குக் காரணமன்று என்பதையும் நிறுவினர். தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. எனினும் அது எழுப்பும் கேள்வி இங்கும் பொருந்தும்: அனைவருக்கும் ஒரே 60 வயது வரம்பு என்பது, முன்னதாகவே இறந்துவிடும் சமூகத்துக்குச் சமநீதியாகுமா?

அறியாமையா, மறுப்பா?

முதியோர் ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றி முதியோரில் 55 விழுக்காட்டினரே அறிந்துள்ளனர் என்கிறது லாசி. இந்த எண் பழியை முதியவரின் தலையில் ஏற்றிவிடுகிறது. அறிந்து, மனுக் கொடுத்து, அலைந்து, கிடைக்காமல் போனவரை அது காட்டாது. 60 முதல் 79 வயது வரையுள்ளோருக்கு ஒன்றிய அரசு வழங்கும் பங்கு இன்னும் மாதம் 200 ரூபாய்தான். அதுவும் நாடு முழுவதும் சுமார் 2.2 கோடி பேர் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டது. தமிழ்நாடு அரசு தன் நிதியையும் சேர்த்து 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாயாக உயர்த்தியது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும். ஒப்பந்ததாரர் மாறுந்தோறும் பதிவு அறுந்துபோகும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைத் தொழிலாளி அதை எட்டுவது அரிது. 'ஓய்வூதியம் பெறுகிறீர்களா?' என்ற கேள்விக்கு அவர் சொல்லும் 'இல்லை'யில் இந்த வரலாறு எதுவும் பதிவாவதில்லை.

இது சலுகையன்று. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், தகுதியுடையோரை அடையாளங்கண்டு மாதந்தோறும் 7-ஆம் தேதிக்குள் முதியோர் ஓய்வூதியம் வழங்க ஆணையிட்டது. அடையாளங்காணும் கடமை அரசினுடையது. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் கடமை முதியவருடையதன்று.

நம் பகுதியில் செய்யத்தக்கது

அம்பத்தூர் 2018-இல் சென்னை மாவட்டத்துக்கு மாறியது. ஆவடியும் பூவிருந்தவல்லியும் திருவள்ளூரிலேயே உள்ளன. அடுத்தடுத்த ஊர்களின் முதியோர் இரு மாவட்டக் கணக்குகளில் பிரிந்துகிடக்கின்றனர். தேசியக் குடும்பநல ஆய்வு மாவட்டவாரியாகத் தரவு தருகிறது. ஆனால் அதன் முதன்மை நேர்காணல் 49 வயதுவரையுள்ள பெண்களோடும் 54 வயதுவரையுள்ள ஆண்களோடும் நின்றுவிடுகிறது. மாவட்டக் குறிப்பேட்டில் சாதிவாரிப் பகுப்பும் இல்லை. ஆக, ஆவடி வட்டத்துத் தலித் முதியோரைப் பற்றி எந்தத் தேசிய ஆய்வும் தனித்துச் சொல்லாது.

அந்த இடைவெளியை மாணவர்களும் இயக்கங்களும் நிரப்பலாம். 'திருப்தியா?' என்று கேட்க வேண்டாம். சரிபார்க்கத்தக்கவற்றைக் கேளுங்கள்:

- ஓய்வூதியத்துக்கு எப்போது மனுக் கொடுத்தீர்கள்? ஒப்புகைச் சீட்டு உள்ளதா?
- மறுப்பு எழுத்தில் வந்ததா? என்ன காரணம் கூறப்பட்டது?
- கடைசியாக ரத்த அழுத்தத்தை அளந்தவர் யார், எப்போது?
- என்ன வேலை, எத்தனை ஆண்டு, எத்தனை ஒப்பந்ததாரர்கள்?

கூடவே, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்யுங்கள். பெறப்பட்ட, ஏற்கப்பட்ட, மறுக்கப்பட்ட மனுக்களின் எண்ணிக்கையைச் சாதிவாரியாகக் கேளுங்கள். மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தைத் தானாகவே வெளியிடுமாறு அச்சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவும், முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்குமாறு 4(1)(ஈ) பிரிவும் கூறுகின்றன. சாதிவாரிக் கணக்கே இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலும் ஆவணமே. தெருவில் திரட்டிய விடைகளையும் அலுவலகம் தந்த எண்களையும் அருகருகே வைத்தால், மறுப்பு எங்கே நிகழ்கிறது என்பது தெரியும். நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்லத்தக்க சான்று அதுவே.