படகைக் கட்ட எந்தக் கயிறு?

ஆம்பூர்க்காரனுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஏலகிரி புங்கனூர் ஏரியில் பெடல் படகு மிதித்ததோடு நம்ம கடல் அனுபவம் முடிஞ்சுது. ஆனால் ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ பாடத்தில் லோடு–எக்ஸ்டென்ஷன் படத்தை எதுக்குடா போடச் சொல்றாங்க என்று புலம்புகிறோமே, அதற்கு ஒரு சின்னப் பாய்மரப் படகின் கயிறு பதில் சொல்கிறது.

சென்னைத் துறைமுகத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-ல் தொடங்கியது ராயல் மெட்ராஸ் யாட் கிளப். அங்கே இருப்பது போன்ற படகைத்தான் சொல்கிறேன். கட்டிப்போட்ட படகு சும்மா நிற்பதாக நமக்குத் தோன்றும். நிற்காது. அலை தூக்கும், காற்று தள்ளும், ஒவ்வொரு தடவையும் கயிறு வெடுக்கென்று இழுபடும்.

எங்க வீட்டில் கயிறு என்றால் கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு. அப்பாவைக் கேட்டால் “அறுந்துபோகாம இருந்தா அதுதான் நல்ல கயிறு” என்பார். கிணற்றுக்கு அது சரி, படகுக்குப் போதாது. நீளாத கயிறு அறாமல் நின்றாலும், அந்த வெட்டு முழுவதும் படகின் விளிம்பில் கயிறு சுற்றும் கிளீட்டில் இறங்கி, அதைப் பிடுங்கிவிடும். நீளும் கயிறு அந்த சக்தியைத் தானே வாங்கிக்கொள்ளும். படத்தில் கோட்டுக்குக் கீழே வரும் பரப்பு இருக்கிறதே, அதுதான் இந்த சக்தி!

மூன்று புரி நைலான் அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே நீளும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது, அது பாய் ஏற்றுவதற்குத்தான் பொருத்தம். பாலிப்ரொப்பிலீன் மலிவு, ஆனால் வெயிலில் நார் நாராக உதிரும். நம்ம வேலூர் வெயிலில் கொடிக்கயிறு உதிர்வதைப் பார்த்திருப்பீர்களே! கடையில் ‘நைலான்’ என்று சொல்லி இதையே தருவார்கள். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் நன்றாக அமுக்கி விட்டுப் பாருங்கள். நைலானின் அடர்த்தி 1.14, மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் 0.91, மிதக்கும்.

தடிமன் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. ஆறு மீட்டர் படகுக்கு 10 அல்லது 12 மி.மீ. போதும். 20 மி.மீ. போட்டால் அந்தச் சின்னப் படகின் இழுப்புக்குக் கயிறு அசைந்தே கொடுக்காது. முடிச்சும் பலத்தைத் தின்னும், சில முடிச்சில் பாதி போய்விடும். புரிகளைப் பின்னிக் கண் போடுவது மேல்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது காசிமேட்டில் கட்டி நின்ற மீன்பிடிப் படகுகள் ஒன்றோடொன்று மோதிச் சேதமடைந்தன. அந்தக் காற்றில் பழியைக் கயிறு மேல் மட்டும் போட முடியாது. ஆனாலும் ஒரு படகு என்பது ஒரு குடும்பத்தின் சோறு.

இன்னொன்று, உரசல். நீளும் கயிறு விளிம்பில் ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் தேயும். நல்ல கயிறும் அங்கேதான் அறும். உரசும் இடத்தில் தோல் சுற்றித் தைப்பது மாலுமிகளின் பழைய வழக்கம். நனைந்து காய்ந்து விறைக்காமலிருக்க எண்ணெய் ஊட்டிய தோலாக இருக்க வேண்டும். ஒரு சாண் துண்டு போதும். நம்ம ஷூ கம்பெனிகளில் அது மூட்டை மூட்டையாகக் கழிவில் போகிறது.